இருப்புப்பாதையும் மனித உயிரும்

புகையிரத வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வேகத்தையே வியந்து பேசுவர். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வண்டிகள் மோதாமல் எவ்வாறு காக்கப்பட்டன என்ற வினா அவர்தம் கவனத்தை அதிகம் பெறுவதில்லை. விஞ்ஞானத்துக்கும் இலாப வேட்கைக்கும் உள்ள உறவை விளக்குவது இவ்வினாவே. பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த தீவுகளின் அனுபவத்தை இங்கு நோக்குவோம்.

தொடக்கத்தில் அங்கு நேர இடைவெளி முறையே நிலவிற்று. ஒரு வண்டி புறப்பட்டுக் குறித்த சில நிமிடங்கள் கழிந்ததும் அடுத்தது அனுப்பப்படும். முன்னே சென்ற வண்டி வழியில் நின்றுவிட்டதா என்பதைப் பின்னதை விடுவோர் அறியார். தந்தி வந்தபின் வேறொரு வழி பிறந்தது. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் வண்டி இருக்கும்வரை மற்றொன்று நுழையாதவாறு கைகாட்டியால் தடுப்பதே அது. தந்தியை நடைமுறைக்குக் கொணர்ந்தவருள் ஒருவரான வில்லியம் குக் இதனை 1842இலேயே எடுத்துரைத்தார்.

1861 ஓகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, பிரைற்றனுக்கு அண்மையிலுள்ள கிளேற்றன் சுரங்கப்பாதையில் இவ்விரு முறைகளும் கலந்து பேரழிவை விளைத்தன. வெளியே நேர இடைவெளி; சுரங்கத்துக்கு மட்டும் தந்தி. ஐந்து நிமிட இடைவெளி விதியாயிருந்தும், மூன்று வண்டிகள் ஏறத்தாழ ஏழு நிமிடத்துள் பிரைற்றனை விட்டுப் புறப்பட்டன. முதல் வண்டி கடந்ததும் தானே தடை காட்டவேண்டிய கைகாட்டி இயங்கவில்லை. காவலர் சிவப்புக் கொடி அசைத்தார். அதைக் கண்ட இரண்டாம் வண்டியின் சாரதி சுரங்கத்துள் நிறுத்திப் பின்னோக்கி வரலானார். முதல் வண்டி வெளியேறியதையே மறுமுனைக் காவலர் தந்தியில் அறிவித்தார். இவரோ அதனை இரண்டாவதற்குரியதெனக் கொண்டு மூன்றாவதை உள்ளே விட்டார். 23 பேர் மாண்டனர். 176 பேர் காயமுற்றனர். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு பெறும்பொருட்டு, அன்று 24 மணிநேரம் தொடர்ந்து கடமையாற்ற வேண்டியிருந்தவர் அக்காவலர்.

தவறு தொழிலாளியுடையது என்று கூறி அமைவது எளிது. அவரை அந்நிலையில் நிறுத்திய ஏற்பாடு எவருடையது என்று நாம் கேட்கவேண்டும். கம்பெனிகள் சில புதிய முறையைத் தாமே ஏற்றன. ஏனையவை செலவை எண்ணித் தயங்கின. கருவிகளை நம்பினால் சாரதிகள் விழிப்பிழப்பர் என்றும் வாதிட்டன. சட்டமும் வற்புறுத்தவில்லை.

1889 யூன் 12இல் அயர்லாந்தின் ஆர்மாவுக்கு அருகே, ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் பயண வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஊழியர் அதனை இரண்டாகப் பிரித்தனர். இயந்திரத்தினின்று கழற்றியதும் பின்பெட்டிகள் தடுப்பு விசையை இழந்து சரிவில் உருண்டன; நேர இடைவெளி விட்டுப் பின்னே அனுப்பப்பட்ட வண்டியின்மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் குழந்தைகள்.

அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. பாதையைப் பகுத்துக் காக்கும் முறையும், பயணிகள் வண்டி முழுவதற்குமான தானியங்கித் தடுப்பும் கட்டாயமாயின. குக் வழி கூறியதிலிருந்து இதற்கு 47 ஆண்டுகள் சென்றன. அறிவு அத்தனை காலமும் ஆயத்தமாகவே இருந்தது. உடைமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவரை அது மக்கள் அனைவரையும் காக்கவில்லை. சமூகம் சட்டத்தின் வாயிலாகக் கட்டளையிட்ட பின்னரே எல்லாப் பயணிகளுக்கும் உரியதாயிற்று.