துண்டும் தொழிலும்

பெரிய கொம்பனியொன்றிலே வேலை பெற விரும்பும் ஏழை இளைஞன் அதற்குரிய வழியை யாரிடம் கேட்கிறான்? மட்டக்களப்பு வாவியின் இருகரைப் பாடசாலைகளிலும் படிப்பிக்கும் நாம் இதற்கு விடையறிவோம். வங்கிக்குப் பணமெடுக்கச் சென்றவன் கருமபீடத்திலிருக்கும் பெண்ணிடம் கேட்கிறான். தொலைபேசி இணைப்பு பழுதென்று முறையிட அழைத்தவன், முறைப்பாட்டைச் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்கட கொம்பனியில வேலை எடுக்கிறதெண்டா ஆரைப் பிடிக்கவேணும்?" என்று கேட்கிறான். கடைவாயிலில் நிற்கும் காவலாளியும், பொருளைக் கொண்டுவந்து இறக்கும் வாகனச் சாரதியும் இதே கேள்விக்கு ஆளாகின்றனர்.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. முறைப்பாடு கேட்பதற்கென்று இருத்தப்பட்டவளுக்கும் ஆட்சேர்ப்புக்கும் என்ன தொடர்பு? பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. இணையத்தில் விண்ணப்பம் இருக்கிறது. பார்த்து எழுதினால் முடிந்தது என்பது அவர்கள் வாதம். வாதம் சரியானதே. ஆயினும் அந்த இளைஞன் வாயில் வந்த வினாவை ஒருமுறை உற்று நோக்குதல் வேண்டும். "எப்படி விண்ணப்பிப்பது" என்று அவன் கேட்கவில்லை. "ஆரைப் பிடிப்பது" என்று கேட்டான். இந்தப் "பிடித்தல்" என்னும் சொல் ஒருநாளில் முளைத்ததன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

வாவிக்கரையின் பழைய பொருளாதாரத்திலிருந்தே தொடங்குவோம். எழுவான்கரையில் மீன்பிடியும் தென்னையும், படுவான்கரையில் வயல். நெற்காணிகளின் பெரும்பகுதி போடியார்களின் கையில் இருந்தது. ஆனால் வயலில் வேலை தேடி வந்தவன் போடியாரின் திண்ணைக்குச் சென்று நேரே வேலை கேட்பது வழக்கமன்று. முல்லைக்காரன் என்று ஒருவன் இருந்தான். வயற்காரர்களை மேற்பார்த்து வேலைவாங்கியவன் அவன். வேலை கொடுப்பவன் வேறு, வேலைக்கு வழிவிடுபவன் வேறு என்ற பாடத்தை உழைப்பாளி முதன்முதற் கற்றது இந்த வயல்வெளியிலேதான் என்று கருத இடமுண்டு. முல்லைக்காரனும் உழைப்பவனே. நிலம் அவனுடையதன்று. எனினும் அவனுடைய முகம் கோணினால் அந்தப் போகத்துக்கு வேலையில்லை.

வெள்ளையர் ஆட்சியிலே புளியந்தீவின் கோட்டைக்குள் கச்சேரி அமைந்தது. அரசாங்க அதிபர் ஆங்கிலேயர். அவருடைய மொழி குடியானவனுக்குத் தெரியாது. இடையில் கச்சேரி முதலியார், ஊரில் உடையார், விதானை என்று ஒரு படிவரிசை நின்றது. சிற்றுத்தியோகம் எதுவாயினும் அப்படிகள் வழியே ஏறவேண்டும். 1854 ஆம் ஆண்டிலே நோர்த்கோட்டும் திரெவெலியனும் அளித்த அறிக்கை பிரித்தானிய அரச சேவையில் வேண்டியவர்க்குப் பதவி வழங்கும் வழக்கத்தைக் கண்டித்துப் பொதுப்போட்டிப் பரீட்சையை வற்புறுத்தியது என்பதும், 1870 இல் அங்கு அது பெரிதும் நடைமுறைக்கு வந்தது என்பதும் நம் மாணவர் படிக்கும் செய்திகள். தன் வீட்டில் இந்தச் சீர்திருத்தத்தைச் செய்துகொண்ட அதே அரசு, குடியேற்ற நாட்டின் கிராமத்தில் "நல்ல குடும்பத்தவர்" பார்த்தே தலைமைக்காரரை நியமித்துவந்தது. தலைமைக்காரர் முறை நீங்கிக் கிராம சேவகர் வந்தது 1963 இல். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்ற நம்மவர் பழமொழியைச் சோம்பேறிகளின் மொழி என்று பழிப்பவர் உளர். வெள்ளத்திலும் வரட்சியிலும் மாதச்சம்பளம் நில்லாது வருவது எத்தகைய விடுதலை என்பதைப் படுவான்கரைக் குடியானவனிடம் கேட்டறிந்தபின் அவர்கள் பழிக்கட்டும்.

இவ்விடத்தில் வாவிக்கரையை விட்டுச் சற்று மலைநாட்டுக்குப் போகவேண்டியுள்ளது. பின்னாளில் நம் கரைக்கும் வந்துசேர்ந்த ஒரு சொல் அங்கேதான் பொருள் பெற்றது. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. துரையிடம் முன்பணம் வாங்குவான். அதைத் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதுவான். தன்கீழ் வேலைக்கு இறங்கிய தலைகளின் கணக்குப்படி தனக்கும் காசு பெறுவான். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால், "இன்னாரின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்போருக்கு இவரை விடுவிப்போம்" என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் தாள் வேண்டும். அதன் பெயர் துண்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு கூடவே மாறும். தோளிற் போடும் துணிக்கும் துண்டு என்றுதான் பெயர். ஆனால் இந்தத் துண்டு தோளில் அல்ல, கழுத்தில் விழுந்தது. 1921 இல் சட்டத்தின் மூலம் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்தது, சொல் ஒழியவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

கங்காணி நம் நாட்டுக்கே உரிய விசித்திரப் பிறவி அல்லன். பம்பாய்ப் பஞ்சாலைகளில் "ஜாபர்" என்றும் சென்னையில் மேஸ்திரி என்றும் அவனுக்குப் பெயர். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணைக்குழு 1931 இல் வெளியிட்ட அறிக்கையில், வேலை கொடுக்கவும் நீக்கவும் ஜாபருக்கிருந்த அதிகாரமும் அதற்காக அவன் பெற்ற கையூட்டும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. லண்டன் துறைமுக வாயில்களில் ஒவ்வொரு காலையும் கூடிநின்ற கூட்டத்திலிருந்து மேற்பார்வையாளன் தனக்குப் பிடித்த முகங்களைப் பொறுக்கியெடுத்த முறையும், அதே தொழிலாளர் 1889 இல் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தமும் உலகறிந்தவை. பெருமுதல் எங்கெல்லாம் தன் கதவைத் தானே திறக்க மறுத்ததோ அங்கெல்லாம் கதவண்டை ஒருவன் நின்றான். முதலாளிக்கு அது வசதி. ஏசுகிறவன் கதவண்டை நிற்பவனையே ஏசுவான்.

நம் பகுதிக்குப் பெருந்தொழில் வந்தது சுதந்திரத்தின் பின்னரே. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. நாம் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணைகட்ட மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கொம்பனி வந்தது. அம்பாறை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1961 இல். மண்வெட்டியையும் மாட்டையும் மட்டுமே கண்டிருந்த பிரதேசத்தில் மலையைப் பெயர்க்கும் இயந்திரங்கள் இறங்கின. கடல்கடந்து வந்த ஒரு கொம்பனியின் கூலிப்பட்டியலில் பெயர் ஏறுவது என்னும் புதிய ஆசையும் அவற்றோடு இறங்கியது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வேலையும் காணியும் இனக்கணக்கோடு பிணைந்துபோயின. 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய நாட்களில், கல்லோயாவில் மூண்ட வெறியாட்டத்திற் பலர் மாண்டனர். அந்தச் சட்டத்தின் பின் அரச வேலையின் கதவுக்கு மொழி என்னும் இரண்டாவது பூட்டும் விழுந்தது.

வடக்கே வாழைச்சேனையில் காகித ஆலை எழுந்தது. கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படும் திட்டம் இது. 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தி தொடங்கியது. பின்னர் அது அரச கூட்டுத்தாபனமாயிற்று. வைக்கோலே அதன் முக்கிய மூலப்பொருள். அறுவடை முடிந்தபின் வயலில் எரிந்துகொண்டிருந்த வைக்கோலுக்கு விலை வந்தது. வாழைச்சேனை, ஓட்டமாவடி, கல்குடாப் பகுதிகளின் தமிழரும் முஸ்லிம்களும் வெளியூர்களிலிருந்து வந்த சிங்களவரும் ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே வாயிலால் உட்புகுந்தனர். சாதியும் மதமும் பார்த்துத் தனித்தனித் துறைகளிற் குளித்த மக்களுக்கு இது சிறிய செய்தியன்று. நமது மாணவர் எழுதிய அப்பியாசப் புத்தகங்களும் அந்தத் தாள்தான்.

தனியார் முதலாளியின் ஆலையானால் அவன் வைத்ததே சட்டம். மக்கள் சொத்தாகிய கூட்டுத்தாபனத்தில் வேலை பெறும் வழி மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? 1938 முதல் கொழும்பில் வேலைதேடுவோர் பதிவுக்கான அலுவலகம் இருந்தது. அரசாங்க வெற்றிடங்கள் வர்த்தமானியில் அச்சாகின. வர்த்தமானி படகேறிப் படுவான்கரைக்கு எத்தனை நாளிற் போகும்? மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 இல்தான். அதுவரை பாதை என்று இங்கு வழங்கும் ஓடத்தை நம்பியே மறுகரையார் பட்டினத்துக்கு வந்தனர். இறுதித் திகதியை ஓடம் அறியாது. ஆகவே, பட்டினத்தில் எந்த அலுவலகக் கதவண்டை யார் நின்றாலும், தபாற்கந்தோர்ச் சேவகனோ ஆலைவாயிற் காவலனோ, அவனையே கேட்டுப்போவது சிக்கனமான அறிவாயிற்று. ஒரு பயணத்தில் இரண்டு கருமம்.

அந்தக் கேள்விக்கு 1970களில் நாடு முழுவதும் ஒரே விடை கிடைத்தது. "எம்.பி.யிடம் துண்டு வாங்கி வா." 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரச சேவை நியமனங்களைச் சுதந்திரமான ஆணைக்குழுவிடமிருந்து எடுத்து அமைச்சரவையின் கையிற் கொடுத்தது. மறு ஆண்டிலிருந்து மாவட்ட அரசியல் அதிகாரிகள் வந்தனர். 1977 இல் ஆட்சி மாறியபோது முறை மாறவில்லை. "வேலை வங்கி" என்ற பெயரில் விண்ணப்பப் படிவங்களே பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பங்கிடப்பட்டன. ஓர் அரசு முற்போக்கெனத் தன்னைச் சொல்லிக்கொண்டது, மற்றது தாராளமெனச் சொல்லிக்கொண்டது. துண்டு இரண்டுக்கும் பொது. இடதுசாரிகள் பங்குகொண்ட ஆட்சியிலேதான் இது வேரூன்றியது என்பதை நம் பக்கத்தார் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சிங்கள மக்களும் இதனைத் "துண்டுவ" என்றே வழங்கினர். மலைநாட்டுத் தொழிலாளியின் கழுத்தில் விழுந்த அதே சொல், அரைநூற்றாண்டு கழித்து, இரு மொழிகளிலும், பட்டம் பெற்றவனின் சட்டைப்பையில் வந்து உட்கார்ந்தது. முன்னது வெளியேறுவதற்குரிய தாள். பின்னது உட்புகுவதற்குரிய தாள். எழுதிக் கொடுப்பவனுக்குப் பெறுபவன் கடன்பட்டவனாவது இரண்டிலும் ஒன்றே. பழைய கடன் ரூபாவில் எழுதப்பட்டது. புதியதை வாக்குகளாகவும் ஊர்வலங்களில் பிடித்த கொடிகளாகவும் தவணை முறையில் அடைத்தார்கள்.

ஆளுங்கட்சி உறுப்பினர் இல்லாத தொகுதிக்குத் துண்டும் இல்லை. 1971 இல் தெற்கிலும், பின்னர் வடக்கு கிழக்கிலும், 1987 முதல் மீண்டும் தெற்கிலும் இளைஞர் ஆயுதமேந்தியதற்குக் காரணம் இது ஒன்றே என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இளைஞர் அமைதியின்மையை ஆராய 1989 இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு, மறு ஆண்டு அளித்த அறிக்கையில், நியமனங்களில் அரசியல் தலையீட்டால் விளைந்த கசப்பைத் தலையாய காரணங்களில் ஒன்றாக வைத்தது. அறிக்கை வந்த 1990 ஆம் ஆண்டிலேதான் நம் பகுதி மீண்டும் போரின் தீக்குள் விழுந்தது. வாழைச்சேனை ஆலையின் உற்பத்தி குன்றியது. ஆயிரக்கணக்கானோரின் நம்பிக்கையாயிருந்த வாயில் வெறிச்சோடியது.

ஆலைவாயில் மூடியபோது விமான நிலைய வாயில் திறந்திருந்தது. ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி, கல்முனைப் பெண்கள் வளைகுடா நாடுகளின் வீடுகளுக்கு வேலைக்குப் போயினர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டதுதான். முகவர்களுக்கு அனுமதிப்பத்திரமும் உண்டு. ஆனால் பெண் சந்தித்தது கொழும்பிலுள்ள முகவரை அன்று, தெருவில் அறிமுகமான உபமுகவரை. அவர் பக்கத்து வீட்டுக்காரர், சிலவேளை உறவினர், "சாச்சா, நல்ல வீடாப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டு கடவுச்சீட்டைக் கொடுத்தாள். எந்த வீடு, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி வேலை என்பதைச் சாச்சாவும் அறியார். கங்காணிக்காவது தோட்டம் தெரிந்திருந்தது.

இனி இன்றைக்கு வருவோம். போர் முடிந்த 2009 இன் பின் பட்டினத்தெருவில் வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் தொலைபேசிக் கொம்பனிகளும் பளபளக்கும் கண்ணாடி முகப்புகளோடு எழுந்தன. அந்தக் கண்ணாடிக்குப் பின்னே சீருடையில் புன்னகைக்கும் பெண் பலவேளை அந்தக் கொம்பனியின் ஊழியரே அல்லர். மனிதவலு நிறுவனம் என்று சொல்லப்படும் ஓர் ஒப்பந்தகாரரின் பட்டியலில் உள்ளவர். ஒப்பந்தம் முடிந்தால் சீருடையைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவர். எங்கள் கொம்பனி என்று வாய்நிறையச் சொல்லுமாறு பயிற்றப்பட்ட அவருக்கு அந்தக் கொம்பனியில் நிரந்தர வேலை பெறுவது எப்படியென்று தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் அவரே பெற்றிருப்பார். அவரைக் கேட்கும் இளைஞன் பேதை என்று நகைப்போர் இந்தச் செய்தியையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். முல்லைக்காரனுக்கும் கங்காணிக்கும் இருந்த அதிகாரத்தில் நூறிலொரு பங்குகூட இந்தப் பெண்ணுக்கு இல்லை. கதவண்டை நிற்கும் இடம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மறு ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓர் அரச நிறுவனத்தின் ஆட்சேர்ப்புத் திட்டத்தையும், நேர்முகத் தேர்வில் புள்ளி வழங்கும் முறையையும் எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவருக்கு இந்த விண்ணப்பத்தை எழுதப் பழக்கினால் கட்டுரைப் பாடத்துக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. தனியார் கொம்பனிகளோ பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே எத்தனை வெற்றிடம், யார் தெரிவு செய்கிறார், தெரிவாகாதவன் எதனால் தெரிவாகவில்லை என்று கேட்பதற்கு அந்தக் கருமபீடத்தைத் தவிர வேறிடம் இல்லை.

அக்கொம்பனிகளுக்கு அனுப்பும் சுயவிபரக்கோவையின் அடியில் ஒரு பகுதி உண்டு. விண்ணப்பகாரரை நன்கறிந்த, உறவினரல்லாத இருவரின் பெயர், பதவி, தொலைபேசி எண். பதவி என்ற அந்த நிரலைத்தான் நம் மாணவர் நிரப்ப முடியாமற் கொண்டுவருகின்றனர். வைத்தியரின் மகனுக்குத் தந்தையின் நண்பர் இருவர் போதும். வாவியில் வலைவீசுபவரின் மகளை நன்கறிந்தோர் ஊரில் நூறுபேர் உளர். அவருள் ஒருவருக்கும் அந்த நிரலில் எழுதத்தக்க பதவி இல்லை. ஆகவே ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகள் வந்த கிழமையில் பாடசாலை வாயிலில் ஒரு வரிசை நிற்கிறது. அதிபரும் ஆசிரியருமாகிய நாம் எம் பெயரையும் பதவியையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.