வெட்டி ஒட்டிய படங்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. எங்களுடைய ஒரு பிழையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற வருடப் பரிசளிப்பு விழா மலரின் அட்டைப்படம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிறையும் விளக்கும், கீழே விரித்த புத்தகமும். நன்றாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொன்னீர்கள். யாரோ அனுப்பி, யாரோ ஃபோர்வட் பண்ணி எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு வந்த படம் அது. வலது மூலையில் சின்னதாக ஒரு கையொப்பம் இருந்தது. பாடசாலை இலச்சினையை அந்த இடத்தில்தான் வைத்தோம். மறைக்க வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை. அந்தக் கையொப்பத்தைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி மெசேஜ் போட்டிருந்தார். "சேர், அது நான் வரைந்தது." கூடவே, பென்சிலால் போட்ட முதல் வரைவின் போட்டோவும் இருந்தது.

மலர்க் குழுவில் உடனே இரண்டு பதில்கள் வந்தன. "இன்டர்நெட்டில் கிடக்கிறது எல்லாருக்கும் பொதுதானே?" என்பது ஒன்று. "நிறத்தை மாற்றினோம், எழுத்துப் போட்டோம், அப்போ அது வேறு படம்தானே?" என்பது மற்றது. எங்களுக்கும் அன்று சரியான விடை தெரியவில்லை. தேடி வாசித்தபோதுதான், இவை கிட்டத்தட்ட முந்நூறு வருடப் பழைய கேள்விகள் என்று விளங்கியது.

லண்டனில் வில்லியம் ஹோகார்த் என்று ஓர் ஓவியர் இருந்தார். செப்புத் தகட்டில் படம் செதுக்கி, அச்சிட்டு விற்பது அவருடைய பிழைப்பு. நகரத்துக்கு வந்து சீரழியும் ஒரு கிராமத்துப் பெண்ணின் கதையை 1732இல் ஆறு படங்களாக வெளியிட்டார். அமோகமாக விற்றது. உடனே அச்சுக் கடைக்காரர்கள் ஆளாளுக்கு அதைப் பார்த்துச் செதுக்கி மலிவு விலைக்கு விட்டார்கள். புத்தகம் எழுதியவருக்கு 1710இலேயே அங்கு சட்டப் பாதுகாப்பு வந்திருந்தது. படம் செதுக்கியவருக்கு ஒன்றும் இல்லை. ஹோகார்த் சக கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். அடுத்த தொடரின் எட்டுப் படங்களையும், சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் வரை, அதாவது 1735 ஜூன் வரை, வெளிவிடாமல் வைத்திருந்தார். கள்ளப் பிரதிக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அவருடைய வீட்டில் அந்த ஓவியங்களைப் பார்ப்பதற்கு ஆள் அனுப்பி, பார்த்தவர்களின் ஞாபகத்தை வைத்தே வரைந்து முந்திக்கொண்டார்கள்!

அந்தச் சட்டம் செதுக்கியவருக்கு 14 வருட உரிமை கொடுத்தது. தகட்டில் உரியவரின் பெயரும் வெளியிட்ட திகதியும் இருக்க வேண்டும் என்றது. எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு விடயம். முழுவதையும் பிரதி எடுப்பதை மட்டுமல்ல, ஒரு பகுதியை எடுப்பதையும், மூலப் படத்தில் மாற்றம் செய்து, கூட்டி, குறைத்து எடுப்பதையும் அது தடுத்திருந்தது. "கொஞ்சம் மாற்றினால் சரி" என்ற சாட்டை, கணனி வருவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இத்தனை வீதம் மாற்றினால் படம் எங்களுடையதாகிவிடும் என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு வீதக் கணக்கு எங்கள் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

புகைப்படம் வந்தபோது வேறொரு சண்டை. நியூயோர்க்கில் நெப்போலியன் சரோனி என்பவர் 1882இல் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டைப் படம் எடுத்தார். ஒரு அச்சுக் கம்பனி அதை 85,000 பிரதி அடித்துவிட்டது. கமரா என்பது இயந்திரம், இயந்திரம் எடுத்த படத்துக்கு ஆசிரியர் ஏது என்பது அவர்களின் வாதம். உடுப்பு, இருக்கை, வெளிச்சம், முகபாவம் எல்லாவற்றையும் தீர்மானித்தவர் சரோனிதான், ஆகவே அவரே ஆசிரியர் என்று 1884இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குப் போட்டோ எடுக்கும் தம்பிமார் "பட்டனை அமத்துறதுக்கு இவ்வளவு காசா?" என்ற கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி கிளிப் ஆர்ட். 'கிளிப்' என்றால் வெட்டுவது. பெயர் கத்தரிக்கோலிலிருந்துதான் வந்தது. விளம்பரம் தயாரிப்பவர்கள் அச்சிட்ட படங்களை வெட்டி, பக்கத்தில் பசை போட்டு ஒட்டி, அதைப் படம் பிடித்து அச்சுக்குக் கொடுப்பார்கள். வெட்டுவதற்கென்றே படங்கள் அடங்கிய சிறு புத்தகங்களை 1950களில் அமெரிக்காவில் வோல்க் என்ற நிறுவனம் விற்கத் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கியவருக்கு வெட்டி ஒட்டும் அனுமதியும் சேர்ந்தே கிடைத்தது. டோவர் என்ற பதிப்பகம் உரிமைக் காலம் முடிந்த பழைய செதுக்கோவியங்களைத் தொகுத்து விற்றது. எங்கள் பக்கத்தில் ஸ்டென்சில் தாளில் ஊசியால் கீறி ரோணியோவில் உருட்டிய காலம் அது. மூத்த ஆசிரியர்களைக் கேட்டால் கை மை கழுவிய கதை சொல்வார்கள்.

1984இல் மெகின்டோஷ் கணனிக்கு டி/மேக்கர் கம்பனியின் 'கிளிக்ஆர்ட்' வந்தது. 90களில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கிய சீடிக்கள். பிறகு மைக்ரோசொஃப்ட் வேர்டுக்குள்ளேயே படங்கள் வந்துவிட்டன. முகமில்லாத அந்தக் கறுப்பு மனிதன், தலைக்கு மேல் கேள்விக்குறியோடு நிற்பவன், எத்தனை சான்றிதழ்களில், எத்தனை கருத்தரங்கு அழைப்பிதழ்களில் வந்திருப்பான்! கல்வியியற் கல்லூரியில் நாங்கள் செய்த ஒப்படைகளில் அவன் இல்லாத ஒன்று இருந்ததா தெரியாது. அவற்றை இலவசம் என்றே நினைத்தோம். உண்மையில் அவை அனுமதியோடு வந்தவை. செயலட்டையில் போடலாம், அறிவித்தலில் போடலாம், ஆனால் படங்களையே பிரித்தெடுத்துத் தொகுப்பாக விற்க முடியாது. இப்படியான உரிமங்களின் பொதுவான சாரம் இதுதான். பாவிக்கும் உரிமை எங்களிடம், படம் அவர்களிடம்.

2014 டிசம்பரில் மைக்ரோசொஃப்ட் அந்தக் கிளிப் ஆர்ட் நூலகத்தை மூடிவிட்டு, இணையத் தேடலுக்கு ஆட்களைத் திருப்பிவிட்டது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமமுள்ள படங்களே முதலில் வரும்படி அந்தத் தேடலை வடிகட்டியும் வைத்தது. அந்த வடிகட்டலை நீக்க ஒரு கிளிக் போதும். அதற்கு முன்னர் பெட்டிக்குள் இருந்ததை எடுத்தோம். அதன் பிறகு தெருவில் கண்டதையெல்லாம் பொறுக்கத் தொடங்கினோம்.

கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தவை. அவை எல்லாம் ஒன்றல்ல. சில, பெயர் போட்டால் போதும் என்கின்றன. சில, வியாபாரத்துக்கு வேண்டாம் என்கின்றன. சில, பகிரலாம் ஆனால் திருத்தியதைப் பரப்பக்கூடாது என்கின்றன. மலரில் போடப் போகிறவர் இந்தக் கடைசி வகையை முதலில் பார்க்க வேண்டும். படத்தை வெட்டுகிறவர்கள், நிறம் மாற்றுகிறவர்கள் நாங்கள்தானே.

திருத்துவது பற்றி அண்மையில் வந்த பெரிய தீர்ப்பு 2023 மே மாதத்தது. லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படம் எடுத்தார். 1984இல் ஒரு சஞ்சிகை 400 டொலர் கொடுத்து, ஒரு தடவை மட்டும் என்ற நிபந்தனையில், அதைப் பார்த்து ஓவியம் செய்ய அனுமதி வாங்கியது. ஓவியர் அண்டி வார்ஹோல். அவர் ஒன்றோடு நிற்காமல் அதே புகைப்படத்திலிருந்து மொத்தம் 16 ஆக்கங்கள் செய்துவிட்டார். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது அவற்றில் ஒன்றை இன்னொரு சஞ்சிகை அட்டையில் போட்டு, வார்ஹோல் மன்றத்துக்குச் சுமார் 10,000 டொலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு சதமும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சஞ்சிகைக்கு விற்ற அந்தப் பாவனை நியாயமானதல்ல என்று ஒன்பது நீதியரசர்களில் ஏழு பேர் சொன்னார்கள். உலகப் புகழ் பெற்ற வார்ஹோல் நிறம் மாற்றியதற்கே இப்படி. நாங்கள் மாற்றியது பச்சையை நீலமாக.

எங்கள் நாட்டைப் பார்ப்போம். 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தோடுதான் இலங்கை நீண்ட காலம் இருந்தது. 1979இல் சொந்தச் சட்டக்கோவை வந்தது. இப்போது இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு செய்யத் தேவையில்லை, வரைந்தவுடனே உரிமை உண்டு. வரைந்தவர் வாழும் காலமும் இறந்த பின் 70 வருடமும் அது நீடிக்கும். பொருளாதார உரிமைக்குப் புறம்பாக, தன் பெயர் போடப்பட வேண்டும் என்ற உரிமையும், தன் கௌரவத்தைப் பாதிக்கும் விதத்தில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு. ஆசிரியர்களுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். வகுப்பறைக் கற்பித்தலுக்கு நியாயமான அளவில் பிரதி எடுக்கலாம். ஆகவே தரம் 4 சுவரில் ஒட்டும் யானைப் படத்துக்காக எந்த டீச்சரும் பயப்பட வேண்டியதில்லை. விளம்பரம் சேர்த்து, காசுக்கு விற்கும் மலர் வகுப்பறை அல்ல.

மார்க்கப் பக்கத்தைக் கேட்பவர்களுக்கு: சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, எழுத்துரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. ஒருவருடைய தென்னையில் தேங்காய் பறித்தால் ஹக் என்று பேசுகிற நாங்கள், புலமைப்பரிசில் வினாத்தாளின் கீழே இருக்கும் ஆசிரியரின் பெயரை அழித்துவிட்டு எங்கள் பெயரைப் போட்டு ஃபோர்வட் பண்ணுகிறோம். இதை எழுதும்போது யாரையும் விரல் நீட்டவில்லை. மேலே சொன்ன அட்டையைச் செய்தவர்கள் நாங்கள்.

அந்தச் சகோதரியோடு பேசினோம். காசு தரலாம் என்று சொன்னோம், வேண்டாம் என்றார். "என் பெயர் இருந்த இடத்தில் வைத்த இலச்சினையை எடுத்துவிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அச்சானதை எடுக்க முடியாதே. நூலக அலுமாரியில் மீதமிருக்கும் பிரதிகளின் உள்ளட்டையில் 'அட்டை ஓவியம்' என்று அவருடைய பெயரோடு சிறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். தரம் 9 பிள்ளைகள் இடைவேளையில் உதவுகிறார்கள். வீட்டில் மலர் வைத்திருப்பவர்கள் பாடசாலை அலுவலகத்தில் ஸ்டிக்கர் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பேனாவால் எழுதிவிடுங்கள். அவர் எழுதச் சொன்ன விதத்திலேயே பெயரை முதல் கொமண்டில் போட்டிருக்கிறோம்.