பூத்த சுருட்டு: திருவண்ணாமலை மழைக்காலத்தை முன்வைத்துப் பூசணம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. டிசம்பர் 13இல் தீபம். இடைப்பட்ட நாட்களில் ஊரே நமத்துக் கிடந்தது. துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் காயவில்லை, அப்பளம் டப்பாவுக்குள்ளேயே தொய்ந்தது. அப்படியொரு மதியம், முனீஸ்வரன் படையலுக்குச் சுருட்டு வாங்கக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றிலிருந்த நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தகர டப்பாவைத் திறந்து, நூல் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வைத்தார். சுருட்டுகளின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"இன்னாங்க இது, வெள்ளையா இருக்குது?"

"பூத்துக்கினு இருக்குது சார். பழைய சரக்கு, நல்லா பதமானது. துணியில தொடச்சா போயிடும். சாமிக்குத்தானே?"

இந்தப் பதிலில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. வெள்ளை படிவது முதிர்ச்சியின் அடையாளம் என்பது ஒன்று. துடைத்தால் தீர்ந்துவிடும் என்பது இரண்டு. சாமிக்கு எதுவானாலும் ஆகும் என்பது மூன்று. முதல் இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றாவதை முனீஸ்வரனிடமே விட்டுவிடுகிறேன்.

2. சொல்லாராய்ச்சி

தமிழில் பூசணத்துக்கும் பூவுக்கும் ஒரே வினைதான். ஊறுகாயில் பூசணம் பூக்கிறது. ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறது. நெருப்பின் மேல் நீறு பூக்கிறது. வழி பார்த்துப் பார்த்துக் கண்ணும் பூத்துப் போகிறது. மேலே மெல்லியதாக ஒன்று படர்ந்தால் நமக்கு அது பூத்ததுதான். படர்ந்தது உயிருள்ளதா, உப்பா, சாம்பலா என்று அந்த வினைச்சொல் கேட்பதில்லை. கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. எது பூத்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வெளிநாட்டுச் சுருட்டுப் பிரியர்களிடமும் இதே வழுக்கல் உண்டு. நல்ல சுருட்டை நெடுங்காலம் வைத்திருந்தால் இலையின் எண்ணெய் மேலே கசிந்து வெள்ளைப் பொடியாக உறையும், அது உயர்ந்த சரக்கின் முத்திரை என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'புளூம்'. அதுவும் மலர்ச்சிதான். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'சுருட்டு' என்பதிலிருந்து போனது. சொல்லைக் கொடுத்த நாமும் வாங்கிய அவர்களும் ஒரே சாக்கை வைத்திருப்பது வேடிக்கைதான்.

3. இலையின் இயல்பு

புகையிலை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்டிக்குள் உள்ள காற்றின் ஈரப்பதம் எவ்வளவோ அதற்கு ஏற்ப இலை தன் நீரைச் சரிசெய்துகொள்ளும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியதும் இலை குடிக்கும் நீரின் அளவு சரசரவென்று ஏறும். பூசணத்தின் கதை முழுவதும் இந்த ஏற்றத்தில்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டுச் சுருட்டு என்றால் திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும். உறையூர்ச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டில் 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயரில் லண்டன் வரை போயிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனைப் பற்றிய துப்புகளில் ஒன்று இந்தச் சுருட்டின் சாம்பல். சாம்பலைப் பார்த்தே ஊரைச் சொன்ன அந்தத் துப்பறிவாளர் பூசணத்தின் பக்கம் திரும்பவில்லை. லண்டன் குளிரில் அதற்கு அவசியம் வந்திருக்காது. சுருட்டுப் புகையிலைக்கென்று வேடசந்தூரில் 1948 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது.

பறித்த இலை அப்படியே சுருட்டாகிவிடாது. உலர்த்தி, அடுக்கி, அம்பாரமாகப் போட்டுப் பாடம் போட வேண்டும். அம்பாரத்தின் நடுவில் சூடு ஏறும். கை வைத்தால் சுடும் அளவுக்குப் போகும்போது கலைத்து, உள்ளதை வெளியிலும் வெளியதை உள்ளிலுமாக மாற்றி அடுக்குவார்கள். காரம் அடங்கி, நிறம் கறுத்து, மணம் வருவது இந்தப் பக்குவத்தில்தான். கடைக்காரர் சொன்ன 'பதம்' இதுவே. ஆனால் அது சுருட்டுவதற்கு முன்பே முடிந்துவிட்ட வேலை. டப்பாவுக்குள் மழைக்காலத்தில் நடப்பதைப் பதம் என்று சொல்வது, புளித்த மாவைப் புதுமாவு என்பது மாதிரி.

எந்த இலை சீக்கிரம் நமக்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. உப்புநீர்க் கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்த இலையில் குளோரைடு கூடும். அப்படிப்பட்ட இலை சரியாக எரியாது, நடுவில் அணைந்துவிடும். ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். அடிக்கடி அணைகிற சுருட்டு பூக்கவும் முந்திக்கொள்ளும் என்பது என் அனுமானம்.

4. பூசணத்தின் இயல்பு

பூசண வித்துகள் இல்லாத இடம் கிடையாது. கடையில், டப்பாவில், நம் சட்டையில், இலையிலேயே வயலிலிருந்து வந்தவையாக எங்கும் இருக்கின்றன. ஆகவே 'பூசணம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியால் பயனில்லை. 'நீர் எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வேண்டும். பாக்டீரியா வளர நிறைய ஈரம் வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தில் சிலவற்றுக்கோ சுற்றியுள்ள ஈரப்பதம் 70 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தாலே போதும், மெல்லத் தலைதூக்கும். 80க்கு மேல் போனால் சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரியும்.

இந்த ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பெயருக்குக் கோயில் ஊருக்குப் பொருத்தமான ஒரு பின்னணி உண்டு. இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி 1729இல் இதை உருப்பெருக்கியில் பார்த்தார். தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவிபோல, ஒரு காம்பின் தலையில் வித்துகள் சுற்றிலும் சிதறி நின்றன. அந்தக் கருவியின் லத்தீன் பெயரையே வைத்துவிட்டார். இங்கே பிறந்திருந்தால் தீர்த்தம் தெளிக்கும் கூர்ச்சத்தின் பெயரை வைத்திருப்பார்.

ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை. பகலில் ஓட்டுக்கூரையின் கீழே சூடேறிய டப்பா இரவில் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்றின் ஈரம் தகரத்தின் உட்புறத்தில் வியர்த்துச் சுருட்டின் மேல் சொட்டுகிறது. பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினாலும் இதே நிலைதான். மழைக்குப் பயந்து இறுக்கி மூடுவதால்தான் பாதிச் சுருட்டு கெடுகிறது.

5. அடையாளம் காணல்

அந்தக் கட்டை வாங்கிவந்து ஜன்னலோரம் வைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைலென்சால் பார்த்தேன். மொத்தம் 12 சுருட்டு. மேல்வரிசையில் ஏழில் வெள்ளை இருந்தது. தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் அடர்த்தி. வெறுங்கண்ணுக்குத் திருநீறு உதிர்ந்தது போலத் தெரிந்தது லென்சுக்குக் கீழே பஞ்சாக மாறியது. மெல்லிய இழைகள் இலையிலிருந்து எழும்பி நின்றன. சிலவற்றின் நுனியில் குண்டூசித் தலைபோல் ஒரு பொட்டு. மிக்கேலி பார்த்தது இதைத்தான். படிகம் என்றால் விளிம்பும் பளபளப்பும் இருக்கும், பஞ்சு இருக்காது. இலை நரம்பு ஓரங்களில் தாது உப்பு சில சமயம் புள்ளி புள்ளியாகத் தெரிவதுண்டு, அது இலையோடு ஒட்டிக் கிடக்கும், எழும்பி நிற்காது. எண்ணெய் உறைந்து பூத்ததாகச் சொல்லப்படும் சுருட்டை நான் இன்றுவரை லென்சுக்குக் கீழே சந்திக்கவில்லை. சந்தேகம் வந்தால் பூசணம் என்றே கொள்வது நல்லது.

லென்சு இல்லாதவர்களுக்கு நிறமும் இடமும் மணமும் போதும். வெள்ளை அல்லது வெளிர்சாம்பல், மேலிலையின் மேல் மட்டும் வட்டத் திட்டுகளாக இருந்தால் தொடக்கநிலை. பச்சை, நீலப்பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நிறம் ஏறியிருந்தால் அது வித்துவிட்டுவிட்டது என்று பொருள். பற்றவைக்கும் முனையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: அங்கே இலை மடிப்புகளுக்கு இடையில் பஞ்சு தெரிந்தால் உள்சரக்கு வரை போய்விட்டது. மணத்தைப் பொறுத்தவரை, நல்ல சுருட்டில் வெல்லமும் வைக்கோலும் கலந்த ஒரு வாசனை இருக்கும். கெட்டதில் மழையில் நனைந்த பழைய புத்தகத்தின் மக்கல் வாடை அடிக்கும். என் 12இல் மூன்றின் முனையில் பஞ்சு இருந்தது. அந்த மூன்றிலும்தான் மக்கல் வாடையும்.

பூசணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு ஆள் சுருட்டு வண்டு. செம்பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். இது வந்தால் குண்டூசி குத்தியது போன்ற ஓட்டையும் பழுப்புத் தூளும் இருக்கும், பஞ்சு இருக்காது. புகையிலைப் பிராணி என்று பெயர் பெற்றாலும் மஞ்சள், மல்லி, மிளகாய் எல்லாம் அதற்கு விருந்து. ஆகவே நாட்டுமருந்துக் கடையில் மஞ்சள் மூட்டைக்குப் பக்கத்தில் சுருட்டு டப்பாவை வைப்பது அதற்குப் பந்தி போட்டு இலை விரிப்பது போலத்தான். வண்டு விழுந்த சுருட்டை உறையிட்டு ஃபிரீசரில் மூன்று நான்கு நாள் வைத்தால் முட்டை உட்பட செத்துவிடும். பூசணத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது. குளிரில் அது தூங்கும், வெளியே வந்ததும் எழுந்துகொள்ளும்.

6. நிலக்கடலை சொல்லும் பாடம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் பூசணத்தைப் பற்றிச் சுருட்டுக் கடைக்காரரைவிட நிலக்கடலை விவசாயிக்கு நன்றாகத் தெரியும். ஈரக் கடலையை மூட்டை கட்டினால் மஞ்சள் பச்சையாகப் பூக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்திலிருந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அந்த விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். பூசணத்தைத் துடைத்தாலும் வறுத்தாலும் விஷம் முழுதாகப் போகாது. சுருட்டை யாரும் தின்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதன் முனையை வாயில் வைத்து எச்சிலோடு ஊறவைக்கிறார்கள், பற்றவைக்கும் முன் இழுக்கும் காற்றோடு வித்துகளும் உள்ளே போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது விளையாட்டுக் காரியம் இல்லை. பூசணம் இல்லாத சுருட்டும் வாய்ப் புற்றைக் கொண்டுவரும் பொருள்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

7. பிடித்தபின் செய்ய வேண்டியது

முதலில் பிரித்து வையுங்கள். ஒரே கட்டில் உள்ள நல்லதையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். நிறம் ஏறியது, முனையில் பஞ்சு உள்ளது, மக்கல் வாடை அடிப்பது மூன்றையும் தூக்கி எறிய வேண்டும். இதில் இரக்கம் காட்டுவது வீண். மேலிலையில் மட்டும் லேசாக வெள்ளை உள்ளதைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உலர்ந்த மெல்லிய துணியால் ஒரே திசையில் துடைக்கலாம். வீட்டுக்குள் துடைத்தால் வித்துகளை வீடு முழுக்கத் தூவியதாகும். ஈரத்துணி கூடாது. வெயிலிலும் போடக் கூடாது. மேலிலை வெடித்துப் பிரியும்.

துடைத்தவற்றை ஈரம் குறைந்த தனிப்பெட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். மறுபடியும் பூத்தால் அதையும் கழித்துவிட வேண்டும். ஆக, கடைக்காரரின் இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது: துடைத்தால் போகும், டப்பா அப்படியே இருந்தால் திரும்ப வரும். பெட்டிதான் முக்கியக் குற்றவாளி. தகரமானால் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். மரமானால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் உள்ளே துடைத்து, ஆவி முழுதும் போகும்வரை வெயிலில் திறந்து வையுங்கள். ஸ்பிரிட்டைச் சுருட்டின் மேல் மட்டும் தடவ வேண்டாம்.

8. வைப்புமுறை

வெளிநாட்டுப் பெட்டிகளோடு வரும் அறிவுரை பெரும்பாலும் ஈரம் ஊட்டுவதைப் பற்றியது. குளிர்நாட்டு வீடுகளில் காற்று காய்ந்திருப்பதால் அவர்கள் கவலை அது. சித்திரை வைகாசியில் திருவண்ணாமலைக்கும் அது பொருந்தும். பாறை சூடேறி அனல் அடிக்கும்போது சுருட்டு சருகாகும். ஐப்பசி கார்த்திகையில் அதே அறிவுரையைப் பின்பற்றுவது பூசணத்துக்குப் பால் வார்ப்பது. அப்போது நம் வேலை ஈரத்தை எடுப்பது. 62 முதல் 67 சதவீதத்துக்குள் வைத்தால் சுருட்டும் காயாது, பூசணமும் எழாது. சிலிக்கா பொட்டலம் போதும். வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது அதைவிட நல்லது.

பெட்டிக்கு உயர்ந்த மரம் என்று உலகம் சொல்வது 'ஸ்பானிஷ் சிடார்'. பெயர்தான் சிடார், உண்மையில் அது வேம்பின் குடும்பம். அதே குடும்பத்துச் சந்தன வேம்பிலும் இந்தியாவில் சுருட்டுப் பெட்டி செய்திருக்கிறார்கள்.

அளக்காமல் பேசுவதில் பயனில்லை. ஆனால் கடையில் விற்கும் மலிவான ஈரப்பதமானிகள் பொய் சொல்லும். சோதிக்கச் சமையலறை உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஈர மணல் போல ஆக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரே கண்ணாடிக் குடுவையில் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75இல் வந்து நிற்கும். நம் ஊர் வெப்பத்தில் அந்த எண் பெரிதாக மாறாது. மானி என்ன காட்டுகிறதோ, அதற்கும் 75க்கும் உள்ள வித்தியாசமே அதன் பொய்.

என் மானி 81 காட்டியது. ஆறு கழித்துக்கொள்கிறேன். அந்த வாரம் பரணில் அது 90 காட்டிற்று, ஆக 84. அடுப்பங்கரை மேடைக்கு மேலே 73, அதாவது 67. மிஞ்சிய ஒன்பது சுருட்டையும் ஒரு டப்பாவில் போட்டு அங்கே வைத்தேன். மறுநாள் காலையில் டப்பா திண்ணையில் இருந்தது. "முனீஸ்வரன் வாசல்ல இருக்கற சாமிடா," என்றார் அம்மா.