பாக்டீரிய ஒளிர்வு அளவீட்டுத் தரப்படுத்தல்

வெவ்வேறு ஆய்வகங்களில் பாக்டீரியாக்கள் வெளிவிடும் ஒளிர்வை ஒரே அலகில் பதிவுசெய்யும் முறை. பச்சை ஒளிர்புரதம் கொண்ட ஈ. கோலியை அளந்தால் கருவி தருவது வெறும் சார்பு எண். கருவி மாறினால், ஏன், அதன் உணர்திறன் அமைப்பு மாறினாலே எண்ணும் மாறிவிடும். மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்ட கதைதான். செறிவு தெரிந்த ஃபுளோரசீன் சாயக் கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து அளந்தால், செல்லின் ஒளிர்வை அதற்கு ஈடான சாய மூலக்கூறுகளின் எண்ணிக்கையாகச் சொல்லலாம். ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று அறியச் செல்களை எண்ணுவதுதான் கடினம். கலங்கலை மட்டும் காட்டும் ஒளியடர்த்தியைச் செல் எண்ணிக்கையாக மாற்ற, பாக்டீரியா அளவிலான சிலிக்கா நுண்மணிகள் உதவுகின்றன. மாணவர்களுக்கான செயற்கை உயிரியல் போட்டியை நடத்தும் ஐஜெம் அமைப்பு 2014 முதல் மாணவர் அணிகளைக் கொண்டு இத்தகைய ஒப்பீடுகளை நடத்தியது. அவற்றுள் 244 ஆய்வகங்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2020இல் 'கம்யூனிகேஷன்ஸ் பயாலஜி' இதழில் வெளியானது. நுண்மணி முறையையே அது பரிந்துரைத்தது.