கம்போக் குடிநீரும் கணக்கில் வராத பிள்ளைகளும்

ஜப்பானின் மூலிகை வைத்தியத்துக்குக் 'கம்போ' என்று பெயர். 'சீன முறை' என்று பொருள். ஒல்லாந்தர் கொண்டுவந்த மேற்கத்தைய வைத்தியத்தில் இருந்து பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பெயரே வந்ததாம். எங்கட பரியாரியாரின் குடிநீர் மாதிரித்தான் அதுவும்: பல சரக்குகள் சேர்த்து அவிப்பது.

மெய்ஜி அரசு அதை ஓரங்கட்டியது. 1883இல் வந்த விதிப்படி, மேற்கத்தைய வைத்தியத்தில் சோதனை பாஸ் பண்ணினால்தான் புதிதாக வைத்தியர் ஆகலாம். கம்போக்காரர் பாராளுமன்றம் வரை போய் 1895இல் அங்கேயும் தோற்றார்கள்.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு கூட்டமும் நின்றது. உடலாலும் அறிவு வளர்ச்சியாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள். சுகப்படாதவர்களை ஆஸ்பத்திரி வைத்திருக்காது, பழக்க முடியாதவர்களை மற்ற இல்லங்கள் எடுக்காது. குழந்தை வைத்தியர் கோபயாஷி தேய்ஜு 1961இல் தோக்கியோவின் தாமாவில் இவர்களுக்கென்றே ஷிமாதா இல்லத்தைத் தொடங்கினார். 1963இல் எழுத்தாளர் மிசுகாமி த்சுதோமு பிரதமர் இகேதாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருடைய மகளும் முதுகெலும்புக் குறையோடு பிறந்தவள். தகப்பனின் கோபம் அது.

1967இல்தான் சட்டம் மாறி இப்படியான இல்லங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. தற்செயலோ என்னவோ, அதே 1967இல்தான் 4 கம்போ மருந்துகளும் அரச காப்புறுதிப் பட்டியலுக்குள் வந்தன. இன்று அந்தப் பட்டியலில் 148 இருக்கின்றன. அவித்து வடிக்கத் தேவையில்லை. சாறெடுத்துக் குருணையாக்கிப் பைக்கற்றில் வரும். குழாய் வழியே சாப்பிடும் பிள்ளைக்கு வெந்நீரில் கரைத்துக் குழாயாலேயே விடலாம்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் விட்டுவிட்டு வரும். விழுங்கும்போது சாப்பாடு சுவாசக்குழாய்க்குள் போய்விடும், இருமித் துப்பப் பலமிருக்காது. திரும்பத் திரும்ப அன்ரிபயோட்டிக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். அதனால்தான் உடம்பைத் தேற்றும் ஹோச்சூ எக்கி தோ, ஜூசென் தைஹோ தோ போன்றவற்றைச் சில வைத்தியர்கள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னையதில் 10 சரக்கு. ஜின்செங், இஞ்சி, அதிமதுரம் எல்லாம் உண்டு. பின்னையது, அடிக்கடி காதுக்குத்து வரும் சின்னப் பிள்ளைகளுக்கான ஜப்பானிய வழிகாட்டியில் 2013இல் இடம்பிடித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி இருப்பவையோ பெரும்பாலும் சிறு அறிக்கைகள்தான்.

மூலிகைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஈரல் நோய்க்குக் கொடுத்த ஷோ சைக்கோ தோ சிலருக்கு நுரையீரல் அழற்சியைக் கொண்டுவந்தது. 1996இல் ஜப்பானிய அரசு அவசர எச்சரிக்கை விட்டபோது 10 பேர் இறந்திருந்தார்கள். அதுவும் காப்புறுதிப் பட்டியலில் இருந்த மருந்துதான்.