உடும்பின் நஞ்சும் சிம்லா அறிக்கையும்

2006இல் பிரையன் ஃபிரையும் அவருடைய குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, பல்லிகளின் நஞ்சு பற்றிய பாடநூல் முடிவைத் தலைகீழாக்கியது. அதுவரை நஞ்சுள்ள பல்லி என்றால் வட அமெரிக்கத் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் வாழும் ஹெலோடெர்மா பேரினம் மட்டுமே. அதில் பெயர்பெற்றது கிலா பல்லி. ஃபிரை குழுவோ பாம்பு, உடும்பு, ஓணான் ஆகியவற்றின் பொது மூதாதையிலேயே, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நஞ்சு தோன்றிவிட்டது என்றது. இந்திய வாசகருக்கு இதை நாட்டார் நம்பிக்கைக்குக் கிடைத்த அங்கீகாரமாகக் கொள்ளத் தோன்றும். ‘பிஸ்கோப்ரா’ என்ற பெயரில் அஞ்சப்படும் பல்லியை 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறிப்பிடுகிறது. வடக்கே அப்பெயர் உடும்புக் குட்டிக்கும் வழங்குகிறது. அரணை கடித்தால் மரணம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள், அரணைக்கு நஞ்சே இல்லாதபோதும். இந்த அச்சமும் ஃபிரையின் கண்டுபிடிப்பும் ஒன்றையே சொல்லவில்லை; முன்னதற்குப் பின்னதைச் சான்றாக்குவது பிழை என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

ஃபிரையின் வாசிப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பாம்புக்கும் பல்லிக்கும் பொதுவான 9 நச்சு வகைகளை அவர் குழு அடையாளம் கண்டது. ஆஸ்திரேலியாவின் லேஸ் உடும்பின் சுரப்பியில் கிடைத்த பொருள்கள் ஆய்வகத்தில் இரத்த அழுத்தத்தைக் குறைத்தன, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுத்தன. 2009இல் கொமோடோ உடும்பின் தாடைச் சுரப்பிகளை அதே அணி படம்பிடித்துக் காட்டியது. ஆனால் ஒரு புரதம் சுரப்பியில் உருவாகிறது என்பதாலேயே அது நஞ்சாகப் பயன்படுகிறது என்று ஆகாது. 2014இல் ஹார்க்ரீவ்ஸும் அவருடன் பணியாற்றியோரும் நச்சு மரபணுக்கள் எனப்பட்ட பலவற்றை ஊர்வனவற்றின் பிற உடல் திசுக்களிலும் கண்டார்கள். உடலெங்கும் அன்றாட வேலை செய்யும் ஒரு புரதம் வாயிலும் காணப்படுவதில் வியப்பில்லை. ஃபிரை வாசிப்பின் பலவீனம் இங்கேதான்: இருப்பைக் காட்டிவிட்டுப் பயனை ஊகிக்கிறது. நஞ்சு ஒரே முறைதான் தோன்றியதா, அந்த 20 கோடி ஆண்டுக் கணக்கு நிலைக்குமா என்பவை இன்றும் முடிவாகாத கேள்விகள்.

இந்தியாவின் சாதாரண உடும்பைப் பொறுத்தவரை முழுப் பாரமும் ஒரே ஆவணத்தின்மேல் விழுகிறது. 2014இல் ‘ரீனல் ஃபெயிலியர்’ இதழில் சிம்லாவைச் சேர்ந்த விக்ராந்தும் வர்மாவும் எழுதிய நோயாளி அறிக்கை அது. உடும்பு கடித்ததாகச் சொல்லப்பட்ட ஒருவருக்கு இரத்தம் உறையாமை, சிவப்பணுச் சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு எனத் தொடர்ந்து மரணம் நேர்ந்ததை அது விவரிக்கிறது. மருத்துவர்கள் கண்டதில் ஐயமில்லை, ஐயம் காரணத்தில்தான். இந்த மூன்று குறிகளும் ஒருங்கே வருவது இந்திய மருத்துவமனைகளுக்குப் பழக்கமான காட்சி, அதற்குப் பெயர் கண்ணாடி விரியன் கடி. கிலா பல்லியின் கடியிலோ கடும் வலியும் வீக்கமும் இரத்த அழுத்தத் தாழ்வுமே மேலோங்கி நிற்கின்றன. நஞ்சு ஐயமற நிறுவப்பட்ட பல்லியே செய்யாததை, உடும்பு செய்தது என ஏற்க வலுவான சான்று வேண்டும். ஜூலியன் வைட்டும் ஸ்காட் வைன்ஸ்டைனும் அதே இதழில் மறுப்பு எழுதினார்கள்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. சில உடும்பினங்களின் சுரப்பு, இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனைச் சிதைப்பதை 2019இல் ஆய்வகச் சோதனை காட்டியதே, சிம்லா நோயாளிக்கும் அதுவே நேர்ந்திருக்கலாமே என்பது. கண்ணாடிக் குழாயில் நிகழ்வது உண்மை. ஆயினும் ஒரு கடியில் உடலுக்குள் போகும் அளவு, அது இரத்தத்தில் எட்டும் செறிவு ஆகியவை இல்லாமல் அதைப் படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு நீட்ட முடியாது. உடும்பு இன்றும் ஊர்ந்து திரியும் பெங்களூருப் புறநகரில் இது வெறும் ஏட்டுத் தகராறு அல்ல. இரத்தம் உறையாமல் வந்தவர் ‘உடும்பு கடித்தது’ என்றால் அதை நம்பிப் பாம்பு நஞ்சு முறிமருந்தைத் தள்ளிப்போடுவது உயிரைப் பறிக்கும். 20 நிமிட உறைதல் சோதனை சொல்வதே அங்கு முதல் சாட்சி.

நஞ்சிலிருந்து மருந்து பிறந்த வரலாறு எத்தகைய சான்றின்மேல் நிற்கிறது என்பதை இதனோடு ஒப்பிட வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஜான் எங் 1992இல் கிலா பல்லியின் நஞ்சிலிருந்து 39 அமினோ அமிலங்கள் கொண்ட எக்செண்டின்-4ஐப் பிரித்தார். வரிசையில் ஏறத்தாழ பாதி, மனிதக் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 உடன் ஒத்துப்போகிறது. வேறுபாடுகளில் ஒன்று மட்டும் தனிக் கவனத்துக்குரியது: இரண்டாம் இடத்தில் மனிதருக்கு அலனின், பல்லிக்குக் கிளைசின். ஏட்டுச்சுவடியில் ஓரெழுத்துப் பாடபேதம் பொருளையே மாற்றுவது போன்றது இது. டிபிபி-4 என்ற நொதி அந்த அலனினை அடுத்து வெட்டுவதால் மனித ஹார்மோனின் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம். கிளைசின் இருப்பதால் அந்த வெட்டுக்குத் தப்பும் பல்லிப் பெப்டைட், மருந்தாகத் தரும்போது 2.4 மணி நேர அரை ஆயுள் பெறுகிறது. அதன் செயற்கை வடிவமான எக்செனடைடு 2005இல் அமெரிக்காவில் நீரிழிவு மருந்தாக அனுமதி பெற்றது. இங்கே மூலக்கூறு, வரிசை, ஏற்பி, அளவு எல்லாம் ஒவ்வொன்றாக நிறுவப்பட்டன. இன்று பேசப்படும் இவ்வகை மருந்துகள் எல்லாவற்றையும் பல்லிக் கணக்கில் எழுதுவதும் சரியல்ல: பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2024இல் பிரிட்டனில் அனுமதி பெற்ற லிராகுளூடைடு, மனித ஜிஎல்பி-1இன் திருத்தப்பட்ட வடிவம்.

இந்த வகைச் சான்றுக்கு நம் ஊரிலும் ஆள் உண்டு. ஹெலோடெர்மா பேரினம் முழுவதிலும் நஞ்சின் கூறுகள் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் காட்டிய 2014ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் கார்த்திக் சுனகர். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் நஞ்சுப் பரிணாம ஆய்வகத்தை அமைத்தவர். இந்திய உடும்பின் சுரப்பை அங்குள்ள முறைகளால் அளந்து பார்ப்பதற்கு முன், ஆஸ்திரேலிய இனத்தின் முடிவை அதன்மேல் ஏற்றக் கூடாது. இன்று இந்தியாவில் உடும்பு விற்கப்படுவது நஞ்சுக்காக அல்ல, கொழுப்புக்கும் இறைச்சிக்கும், ‘ஹத்தா ஜோடி’ என வேரைப்போல் ஏமாற்றி விற்கப்படும் ஆணுறுப்புக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. எக்செனடைடு தொழிற்கூடத்தில் தொகுக்கப்படுகிறது. அதற்காக எந்தப் பல்லியையும் பிடிக்க வேண்டியதில்லை.