கோடும் பாடும்: பழவேற்காட்டு ஏரியின் நிர்வாக எல்லைகள்

முன்னுரை

நிர்வாகப் பிரிவுகளின் வரலாறு பெரும்பாலும் நிலவருவாயின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிலத்தை அளந்து, ஊர்களைத் தாலுகாவாகவும் தாலுகாக்களை மாவட்டமாகவும் தொகுத்த முறை நீர்ப்பரப்புக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைப் பழவேற்காட்டு ஏரியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நில அமைப்பு

சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஆகும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரங்களின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்வதும் மீண்டும் திறப்பதும் உண்டு. எனவே நீரின் ஆழம், உப்புத்தன்மை, மீன்வரத்து ஆகிய மூன்றும் பருவந்தோறும் மாறுகின்றன.

எல்லைகளின் மாற்றம்

டச்சுக்காரர் 1613-இல் இங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690-இல் அவர்தம் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. சென்னை மாகாணத்தில் ஏரியின் தென்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரித் தாலுகாவையும், வடபகுதி நெல்லூர் மாவட்டத்தையும் சார்ந்திருந்தது. இரண்டும் ஒரே மாகாணத்துள் அடங்கியமையால் அக்கோடு மாவட்ட எல்லையாக மட்டுமே இருந்தது.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் உருவானபின் ஏரி இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்தையும், சத்தியவேடு பகுதி ஆந்திரப் பிரதேசத்தையும் அடைந்தன. கிராமத்தை அலகாகவும், மக்கள் பேசும் மொழியை அளவுகோலாகவும் கொண்டே அம்மாற்றம் நிகழ்ந்தது. குடியிருப்பற்ற நீர்ப்பரப்பில் அவ்வளவுகோல் செல்லாது. பின்னர்த் தென்பகுதி 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்திலும், வடபகுதி 2022-இல் திருப்பதி மாவட்டத்திலும் இடம்பெற்றன. இன்று ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரப் பிரதேசத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஒரே நீர்ப்பரப்பின் பறவைகளையும் மீன்களையும் இரு அரசுகள் தனித்தனியே நிர்வகிக்கின்றன.

பாடு என்னும் முறை

வருவாய்க் கோடுகளுக்கு அப்பால் மீனவரிடையே வேறோர் எல்லைமுறை உண்டு. அதுவே பாடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் பட்டினவர், மீன்பிடி இடங்களை முறைவைத்தும் சீட்டுக் குலுக்கியும் பகிர்ந்துகொள்கின்றனர். மீன்வரத்து மிகுந்த இடமும் குறைந்த இடமும் சுழற்சியில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. வருவாய்க்கோடு இடத்தை மட்டுமே பிரிக்கிறது. பாடு இடத்தோடு காலத்தையும் பிரிக்கிறது. பருவத்தால் மாறும் ஏரிக்கு இதுவே இயைந்த முறை எனலாம்.

எனினும் இதனை முழுச் சமத்துவமாகக் கருதுதல் பொருந்தாது. பாட்டுரிமை பிறப்பாலும் ஊராலும் வரையறுக்கப்பட்டது. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் முதலிய பிறர் அவ்வுரிமைக்குப் புறத்தே நிற்கின்றனர். நீர்ப்பரப்பு சுருங்கி, மீன்பிடிப்போர் பெருகும்போது முறையுடையோர்க்கும் முறையற்றோர்க்கும் இடையே பூசல் எழுகிறது.

முடிவுரை

வருவாய் ஆவணங்களை மட்டும் கொண்டு எழுதினால், பழவேற்காட்டின் வரலாறு கரையிலேயே நின்றுவிடும். பாட்டை மட்டும் போற்றி எழுதினால், அதனால் விலக்கப்பட்டோர் மறைந்துபோவர். அரசின் எல்லை ஆவணங்களையும் குப்பங்களின் முறைவைப்பையும் ஒருசேர ஆராயும்போதே, இவ்வேரியில் யாருக்கு என்ன உரிமை என்னும் வினாவிற்கு விடை காண இயலும்.